மழைக்காலக் கடன்: திருவட்டார் பக்கம் ஒரு வீட்டுக் கடையின் முதல் வருடம்

2025 ஜூலையில் இந்தக் கடை அதுவரை இல்லாத அளவுக்கு விற்றது. அதே ஜூலையில்தான் மறுநாள் பால் பாக்கெட்டுக்குக் கட்ட வேண்டிய பணம் கல்லாவில் இல்லாமல் அக்கா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினாள். விற்பனை நோட்டைப் பார்த்தால் கடை ஓடுகிறது. கல்லாவைத் திறந்தால் காற்றுதான் இருக்கிறது. பணம் எங்கே போய் உட்கார்ந்திருந்தது, எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் இங்கே விஷயம். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

கடை என் அக்காவும் அத்தானும் நடத்துவது. அத்தான் வளைகுடாவிலிருந்து திரும்பி, சில வருடம் கேரளத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போய் வந்தார். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் வீட்டின் முன்னறைச் சுவரை உடைத்து ஷட்டர் போட்டார்கள். 2025 தைப்பொங்கல் கழிந்த வாரம் பலசரக்குக் கடை திறந்தாயிற்று. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் நோட்டுகள் இயல்பாகவே என் கைக்கு வந்தன. ஆட்களின் பெயரையும் முக்கின் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஊர் சின்னது, எழுதினால் எந்த வீட்டுக்கு எவ்வளவு கடன் என்று பஸ் ஸ்டாப்பிலேயே பேசிவிடுவார்கள்.

இடம் கன்னியாகுமரி மாவட்டம், திருவட்டாரிலிருந்து குலசேகரம் போகிற பக்கம், மூன்று ரோடு சேர்கிற ஒரு முக்கு. சுற்றிலும் ரப்பர், இடையிடையே வாழை, மரச்சீனி (மரவள்ளி). வாடிக்கை வீடுகளில் பாதிக்கு மேல் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள். அப்புறம் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய் சனிக்கிழமை திரும்புகிற ஆண்கள், மாதச் சம்பளக்காரர்கள் சிலர், வெளிநாட்டிலிருந்து பணம் வருகிற வீடுகள் சில.

போட்ட பணம் 3,60,000 ரூபாய். சீட்டுப் பணம் 1,50,000, நகை அடகு 1,60,000, முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் வங்கிக் கடன் 50,000. இந்தப் பிரிவில் 50,000-தான் உச்சவரம்பு. அலமாரி, மேசை, தராசு, பெயின்ட் என்று 90,000 போனது. கடைக்குத் தனி வணிக மின் இணைப்பும் வயரிங்கும் 20,000. முதல் சரக்கு 1,90,000. மிச்சம் 60,000 கையிருப்பு.

இதில் எனக்கு அப்போதே உறுத்தியது கையிருப்பு. சரக்குக்கு ஒதுக்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அலமாரி வெறுமையாக இருந்தால் ஆள் உள்ளே வராது என்று அத்தான் சொன்னதும் நியாயம்தான்.

முதல் சரக்கில் பிசகியது அரிசி. நாகர்கோவில் கோட்டாறு மொத்தக் கடைக்காரர் நல்ல விலை என்று சொல்லிப் பொன்னி அரிசியை மூட்டை மூட்டையாக ஏற்றிவிட்டார். இந்தப் பக்கம் மதியச் சாப்பாடு சிவப்புச் சம்பா அரிசியில். வெள்ளை அரிசி வேண்டுமென்றால் ரேஷனில் இலவசமாக வருகிறது. இட்லி மாவுக்கும் கஞ்சிக்கும் அதுவே போதும். பொன்னி வாங்குகிற வீடுகள் இருக்கின்றன, ஆனால் அவர்கள் மூட்டையாக மார்த்தாண்டத்தில் எடுப்பவர்கள். ஆக, மூட்டைகள் மூலையில் கிடந்து, வண்டு வருவதற்கு முன் வாங்கிய விலைக்கே ஒரு கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் போயின.

ரேஷன் இதோடு நிற்கவில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கொடுக்கிற கடை அரை கிலோமீட்டரில் இருக்கும்போது, அந்தச் சரக்கு வந்து இறங்குகிற வாரம் நம் கடையில் பருப்பும் பாமாயிலும் அசையாது. இதை எந்த மொத்தக் கடைக்காரரும் சொல்லித் தர மாட்டார். மூன்று மாத விற்பனையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போது ரேஷனில் என்றைக்குப் பருப்பு போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அத்தான் பருப்புக்கு ஆர்டர் சொல்கிறார்.

கட்டணமில்லாப் பஸ்ஸும் இதே மாதிரி. 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. பஸ் செலவு மிச்சம் என்பதால் மாதச் சாமானை மார்த்தாண்டத்துப் பெரிய கடைகளில் வாங்குவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அங்கே எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி உண்டு, நமக்குக் கட்டாது. நமக்கு வருவது இடையில் தீர்ந்துபோகிற சாமான். கால் கிலோ சீனி, நூறு கிராம் நல்லமிளகு, ஒரு துண்டு சோப்பு, பாதிச் சமையலில் தீர்ந்துபோன எண்ணெய். ஏப்ரலுக்குள் அக்கா பெரிய பாக்கெட்டுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. தூசி படிந்த பாக்கெட்டுகளை வாராவாரம் துடைக்கிறவள் அவள்தானே.

காலை நேரம் தனிக் கதை. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். முதலில் ஆறு மணிக்குத் திறந்த கடை, பிப்ரவரியிலிருந்து 4.45-க்குத் திறக்கிறது. பீடி, தீப்பெட்டி, பேட்டரி, பன், இரண்டு மட்டிப்பழம். இவ்வளவுதான் வியாபாரம், ஒரு மணி நேரத்தில் 400 ரூபாய் சுமார். ஆனால் அத்தனையும் ரொக்கம். தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் யாரும் நோட்டில் எழுதச் சொல்வதில்லை. மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஈ ஓட்டுவதற்குப் பதில் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குவது என்று முடிவெடுத்ததும் நல்ல முடிவு. அந்த மூன்று மணி நேரத்தில் மின்விசிறி ஓடுவதற்கே வியாபாரம் காணாது.

இனி கடனுக்கு வருகிறேன்.

கடன் கொடுக்காமல் முக்குக் கடை நடத்தலாம் என்று சொல்பவர்கள் முக்குக் கடை நடத்தியவர்கள் அல்ல. அக்காவும் முதல் மாதம் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டாள். பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கிற பருவம், பல தோட்டங்களில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். கடை திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் பாதி வாடிக்கைக்கு வேலை இல்லை. பெயர் எழுதிச் சாமான் தர முடியாது என்று சொன்னால் அவர்கள் அடுத்த முக்குக்குப் போவார்கள், அங்கே எழுதிக்கொள்வார்கள். அட்டையைக் கழற்றி உள்ளே வைத்தாள். நோட்டு பிறந்தது.

பிப்ரவரி முடிவில் கடன் 14,000. வெட்டு மறுபடி தொடங்கியதும் கொஞ்சம் அடைபட்டது. மே கடைசியில் 38,000. ஜூலை நடுவில் 71,000. கையிருப்பு 60,000 என்று சொன்னேன் அல்லவா, அது மொத்தமும் நோட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டது, மேற்கொண்டு சரக்குப் பணத்திலும் கொஞ்சம்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மலையோரப் பகுதியில் தென்மேற்கு நன்றாகவே பெய்யும். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டின பிறகு மழை வந்தால் சிரட்டையில் இருக்கிற பால் தண்ணீராகிவிடும். மரத்தில் பிளாஸ்டிக் மறைப்பு கட்டி மழையிலும் வெட்டுகிற தோட்டங்கள் உண்டு. சின்னத் தோட்டக்காரர்கள் பலர் ரப்பர் விலையைப் பார்த்துவிட்டு அந்தச் செலவுக்குப் போவதில்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அதே ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. நோட்டு, பை, செருப்பு, குடை எல்லாம் ரொக்கம் கேட்கிற செலவு, துணிக்கடையும் செருப்புக்கடையும் பெயர் எழுதிக்கொள்ளாது. ஆக, இருக்கிற ரொக்கம் அங்கே போகும், அரிசியும் எண்ணெயும் நம் நோட்டில் ஏறும். கடற்கரையிலும் இதே கதைதான். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. குளச்சல் பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஆடியில்தான் கல்லா காய்கிறது.

ஜூலை விற்பனை ஏன் உச்சத்தில் இருந்தது என்பதும் இப்போது விளங்கும். கையில் காசு இல்லாதவர்கள் பஸ் ஏறி மார்த்தாண்டம் போக மாட்டார்கள். அங்கே தள்ளுபடி உண்டு, கடன் இல்லை. மாதச் சாமானும் சேர்த்து நம்மிடம் வந்தது. நோட்டில் எழுதுவதையும் விற்பனை என்றுதான் அத்தான் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் நான் அந்த நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வரி வரியாகப் பிரித்தேன். நாற்பது வீடுகள் சுமார். பால் வெட்டு வீடுகளின் கடன் பெரியது, ஆனால் ஒழுங்கானது. தேதி பார்த்தால் ஜூன் முதல் வாரத்துக்கு முன் சுத்தமாக இருக்கிறது, மழை பிடித்ததும் ஏறுகிறது. ‘இப்ப கைல ஒண்ணும் இல்ல மக்கா, மழ விட்டா ஒடனே தாறேன்’ என்று சொல்லி வாங்கியவர்கள் அவர்கள். அதற்கு நேர் எதிராக, மாதச் சம்பள வீடுகளில் நாலைந்து, மார்ச்சிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே வந்திருந்தன. கேட்க அக்காவுக்குக் கூச்சம், ‘அவங்களுக்கு இல்லாத பைசாவா’ என்று அத்தானுக்கு நம்பிக்கை. யாரும் கேட்காததால் அவர்களும் கொடுக்கவில்லை. பயந்த இடம் ஒன்று, பணம் மாட்டிய இடம் வேறு.

டிசம்பரில் திரும்பக் கூட்டியபோது பால் வெட்டு வீடுகளின் பாக்கி ஏறத்தாழ முழுவதும் வந்திருந்தது. வராது என்று அடித்தது 5,000 ரூபாய். அதில் ஊரை விட்டுப்போன ஒரு வாடகைக் குடும்பம் இருக்கிறது. மற்றது இரண்டு வீடுகள், இரண்டும் வசதியான வீடுகள். அவர்கள் இப்போது கடைக்கு வருவதில்லை. ரோட்டின் அந்தப் பக்கமாக நடந்துபோய் அடுத்த முக்கில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்கள். பாக்கி 1,800 ரூபாய்க்காக மாதம் இரண்டாயிரம் ரூபாய் வியாபாரம் போயிற்று. கடன் நின்றுபோனால் பணத்தோடு ஆளும் போவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. சீக்கிரம் கேட்டிருந்தால் 300 ரூபாயில் முடிந்திருக்கும், முகமும் கெட்டிருக்காது.

ஜூலைக்குப் பிறகு அக்கா செய்த மாற்றங்கள் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் வேலை செய்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குட்டி நோட்டு. கடையில் ஒன்று, அவர்கள் கையில் ஒன்று. இரண்டிலும் எழுதாமல் சாமான் கிடையாது. பிள்ளைகளை அனுப்பி வாங்குகிற வீடுகளில் ‘இவ்ளோ ஆகியிருக்காதே’ என்ற சண்டை இதோடு நின்றது. அடுத்து, கடன் எதற்கு என்று பிரித்தாள். அரிசி, எண்ணெய், பருப்பு, சீனி, தேயிலை, சோப்பு, இவை மட்டும். பீடி, பிஸ்கட், கூல்டிரிங்ஸ் ரொக்கம். ‘சோத்துக்கு எழுதலாம், கொறிக்கதுக்கு எழுத மாட்டேன்’ என்று அவள் சொல்வதற்கு இதுவரை யாரும் கோபித்ததில்லை. நியாயம் அவர்களுக்கும் புரிகிறது.

மூன்றாவது, கேட்கிற தேதி. 2025-இல் மாதம் 15-ஆம் தேதியை ஒட்டி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கியது அது. கொத்தனார் வீடுகளில் சனிக்கிழமை மாலை காசு இருக்கும். சம்பளக்காரர்களுக்கு முதல் வாரம். தோட்டம் வைத்திருப்பவர்கள் ரப்பர் ஷீட்டோ, சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலோ விற்றுவிட்டு வருகிற அன்று. ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் அந்த வீட்டுக்கு எப்போது காசு வரும் என்று ஒரு சொல் எழுதியிருக்கிறாள்: ‘15’, ‘சனி’, ‘ஷீட்டு’. கேட்பதும் முழுப் பாக்கியை அல்ல. 15-ஆம் தேதி 300 கொடுத்தால் போதும், மிச்சம் மழை விட்டு. மழைக்காலத்தில் பாக்கி மொத்தமாக அடைபடாது, ஆனால் ஓட்டம் நிற்காது. எனக்கு இந்த ஆண்டின் மிக நல்ல யோசனையாகப் படுவது அந்த அட்டையில் எழுதிய ஒற்றைச் சொல்தான். பெரிய நிறுவனங்கள் இதற்கு மென்பொருள் வைத்திருக்கின்றன.

கடனோடு கைகோத்து வந்தது தேங்காய் எண்ணெய். நம் பக்கம் மீன் குழம்பிலிருந்து அவியல் வரை தேங்காய் எண்ணெயில்தான், வேறு எண்ணெய்க்கு மாறச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 2025-இல் அதன் விலை வாரா வாரம் ஏறியது. ஆண்டுத் தொடக்கத்தில் லிட்டர் 300 ரூபாய்க்குள் இருந்தது, ஆடியில் 400-ஐத் தாண்டிவிட்டது. விலை ஏறினால் கடைக்காரனுக்கு லாபம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 350 ரூபாய்க்கு 20 லிட்டர் வாங்கி 370-க்கு விற்றால் கையில் 7,400. லாபம் 400 என்று நோட்டு சொல்லும். திரும்ப வாங்கப் போகும்போது விலை 410. அந்த 7,400-க்கு 18 லிட்டர்தான் வருகிறது. லாபத்தோடு விற்றும் அலமாரியில் இரண்டு லிட்டர் குறைந்துவிட்டது. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கவும் முடியாது.

இதில் கடனைச் சேருங்கள். ஜூனில் 370-க்கு நோட்டில் எழுதிய எண்ணெய்க்கு ஆகஸ்ட் கடைசியில் பணம் வருகிறது. அதே 370 ரூபாய். ஆனால் அப்போது அந்தப் பணத்துக்கு ஒரு லிட்டர் கிடையாது. இரண்டு மாதம் வட்டியில்லாமல் கொடுத்ததோடு, எண்ணெயிலும் கொஞ்சம் தானமாகக் கொடுத்தாயிற்று. ஜூலைக் கல்லா வறண்டதற்கு இது இரண்டாவது காரணம். அக்கா லிட்டர் பாட்டிலை நிறுத்திவிட்டு 200 மில்லி, அரை லிட்டர் மட்டும் வைத்தாள். எண்ணெய்க் கடனை வாரம் அரை லிட்டர் என்று கட்டுப்படுத்தினாள். ஓணத்தை ஒட்டித்தான் மூச்சு விட முடிந்தது.

வீட்டுக்கு எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லா வீட்டுக் கடையிலும் ஒரே கதை. சமையலுக்கு, பிள்ளைகளுக்கு, வந்த விருந்தாளிக்கு என்று அலமாரியிலிருந்து நேராக அடுக்களைக்குப் போகும். அத்தானின் அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் கேட்டால் மறுக்கத் தெரியாது. ‘நம்ம கடதானே மக்களே, எடுத்துக்கோ’ என்பார். மே மாதம் நான் வற்புறுத்தி, கடன் நோட்டின் முதல் பக்கத்தை ‘வீடு’ என்ற பெயரில் திறக்க வைத்தேன். எடுப்பதையெல்லாம் வாங்கிய விலையில் எழுத வேண்டும். முதல் மாதக் கூட்டு 7,000. நாற்பது வீடுகளில் பெரிய கடன்காரர் யாரென்று தெரிந்துபோனது. எழுதத் தொடங்கியதாலேயே அது 5,500-க்கு இறங்கி அங்கே நின்றது. அந்த 5,500 நியாயமான தொகைதான், வெளியில் வாங்கினாலும் ஆகும். அதைச் சம்பளத்தின் ஒரு பகுதி என்று வைத்தால் குழப்பம் இல்லை.

ஐஸ்கிரீம் பெட்டி வேறு மாதிரியான பாடம். டெபாசிட் கட்டினால் கம்பெனியே பெட்டி தரும், முக்கில் வேறு கடையில் இல்லை, பிள்ளைகள் வருவார்கள். எல்லாம் சரி. வணிக மின் இணைப்பில் வீட்டுக்கு உள்ளது போல இலவச யூனிட் இல்லை, 2025-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் பத்து ரூபாயை ஒட்டி. பெட்டி மட்டும் நாளுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் இழுக்கிறது, மாதம் ஆயிரம் ரூபாய் சுமார். ஐஸ்கிரீமில் நூற்றுக்குப் பதினாறு பதினேழு லாபமாக நிற்கிறது. மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு விற்றால்தான் கரண்ட் பில்லே கட்ட முடியும். மார்ச், ஏப்ரல், மே நன்றாகப் போயிற்று. ஜூனிலிருந்து மழையில் யார் ஐஸ் தின்கிறார்கள்? காலியான பெட்டியையும் குளிராகவே வைத்திருந்தார்கள். ஜூலையில்தான் அணைத்துக் கழுவித் திறந்து வைத்தார்கள்.

மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆனி ஆடியில் காற்றே ஈரம். ரவையில் வண்டு, உளுந்தில் வண்டு, உப்பு நீர்விட்டது, தீப்பெட்டி பற்றவில்லை, உடைத்து வைத்த முறுக்குப் பாக்கெட்டுகள் நமுத்துப்போயின. ஆண்டில் வீணாய்ப்போன சரக்கு 12,000 ரூபாய், பாதிக்கு மேல் அந்த இரண்டு மாதங்களில். இப்போது ஜூனுக்கு முன் ரவையும் மைதாவும் பத்து நாளுக்கு உள்ளதுதான்.

ஜூலையில் போன் பண ஸ்கேனர் பற்றியும் ஒரு கலவரம். கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பிய செய்தி வாட்ஸப்பில் சுற்றியது. அத்தான் ஸ்கேனரைக் கழற்றிவிட்டார். பொருள் மட்டும் விற்கிற கடைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் விற்பனை வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய். இந்தக் கடை அதில் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது. இதைச் சொல்லி மறுபடி ஒட்ட வைத்தேன். இடைப்பட்ட நாட்களில் மாலை வியாபாரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. இளவட்டங்கள் சட்டைப் பையில் காசு வைப்பதே இல்லை.

ஆனால் அவர்கள் கவனிக்காத வரம்பு வேறொன்று. உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும், தாண்டினால் 2,000 ரூபாய் கட்டி மாநில உரிமம் எடுக்க வேண்டும் என்பதுதான் 2025-இல் இருந்த விதி. நாளுக்கு 3,300 ரூபாய் விற்றாலே 12 லட்சம் தாண்டிவிடும். ஆகஸ்டிலேயே தாண்டியாயிற்று. டிசம்பரில் மாற்றினார்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை, அதையும் நாட்காட்டியில் குறித்தாயிற்று.

செப்டம்பர் 22 ஜிஎஸ்டி குறைப்பு சிரிப்பும் எரிச்சலுமாகப் போனது. பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்தன. காலையில் முதல் ஆள் வந்து, ‘டிவில வெல கொறச்சாச்சுன்னு சொல்லுதாவ, நீ மட்டும் பழைய வெலயா?’ என்று கேட்டார். பழைய வரி கொடுத்து வாங்கிய சரக்கு அலமாரியில் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை என்பதால் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி இல்லை. ஏஜென்சிகளில் சிலர் வித்தியாசத்தை அடுத்த பில்லில் கழித்தார்கள், சிலர் கைவிரித்தார்கள். அப்புறம் ஐந்து ரூபாய் பிஸ்கட் 4.50 என்று வந்தது. ஐம்பது காசு யாரிடம் இருக்கிறது? இரண்டாக எடுத்தால் ஒன்பது ரூபாய் என்று அக்கா விற்றாள், பிள்ளைகள் இரண்டாகவே வாங்கப் பழகிவிட்டார்கள். கொஞ்ச நாளில் கம்பெனிகள் கிராமைக் கூட்டி மறுபடி ஐந்துக்கே கொண்டுவந்தன.

ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கடை நன்றாகச் செய்தது. இந்த மாவட்டத்தில் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, கேரளத்தில் வேலை செய்கிற ஆண்கள் கையில் காசோடு வீட்டில் இருப்பார்கள். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பக்கத்து வீட்டுப் பெண்கள் வறுத்துக் கொடுத்தது, நூற்றுக்கு இருபத்தைந்து நின்றது. கம்பெனிச் சரக்கில் எட்டு, பத்துதான். டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்ததும் ஸ்டார் விற்பனை, அப்புறம் அச்சு முறுக்குக்கு வேண்டிய மாவும் எண்ணெயும். திருவிழாக்களுக்கு நன்கொடை ரசீதும் வரும், கோயில் கொடை, சர்ச் திருநாள், இளைஞர் மன்றம் என்று வரிசையாக. எல்லாருக்கும் ஒரே தொகை என்று அத்தான் வைத்துவிட்டதால் மனத்தாங்கல் இல்லை.

ஆண்டுக் கணக்கு இப்படி வந்தது. விற்பனை 18,40,000. அதில் நின்றது நூற்றுக்குப் பதினொன்று, ஏறத்தாழ 2,02,000. வட்டி 19,000, வண்டிக் கூலி 20,000, கரண்ட் 15,000, வீணானது 12,000, வராத கடன் 5,000, நன்கொடை, பை, உரிமம், யுபிஐ ஸ்பீக்கர் வாடகை எல்லாம் சேர்த்து 11,000. மிச்சம் 1,20,000. மாதம் பத்தாயிரம். அதில் 5,500 சாமானாக வீட்டுக்குப் போயிற்று, கையில் 4,500. இரண்டு பேர் விடியுமுன்பிருந்து இரவு ஒன்பதரை வரை நின்று சம்பாதித்தது அந்தப் பத்தாயிரம். அத்தான் பத்து நாள் கொத்தனார் வேலைக்குப் போனால் வருகிற பணம்.

இதைக் கேட்டுவிட்டு அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘பத்து நாள் நிக்கதுக்கு முதுகு வேண்டாமா’ என்றார் கடைசியில். அது ஒரு பதில்தான். கடை மோசமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் மாதம் பத்தாயிரத்தில் அடகு நகையை மீட்க முடியாது என்பதையும் சொல்லிவிட்டேன். முதல் ஆண்டு விற்பனை இரண்டாம் ஆண்டில் இருபது சதவீதம் கூடினாலும் அது மாறாது. மாறுவதென்றால் நூற்றுக்கு இருபத்தைந்து நிற்கிற சரக்கு கூட வேண்டும். சிப்ஸ், முறுக்கு, கருப்பட்டி, பக்கத்துத் தோட்டத்து வாழைக்குலை. இப்போது விற்பனையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அக்கா சிப்ஸ் வறுக்கிற பெண்களிடம் வாரம் இரண்டு முறை கேட்டிருக்கிறாள், குலை விலை எகிறாத வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று, மழைக்கான பணம். ஓணம் முதல் கிறிஸ்துமஸ் வரை வந்த பழைய பாக்கியில் 40,000 ரூபாயைச் சரக்கில் போடாமல் தனிக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். மே கடைசி வரை அதைத் தொடுவதில்லை என்று பேச்சு. எனக்கு 70,000 இருந்தால் நிம்மதி, போன ஜூலையில் கடன் ஏறிய உயரம் அது. ஐஸ்கிரீம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் வரும், அதையும் சேர்க்கலாம் என்றேன். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதம் ஓட்டிவிட்டு ஜூனில் கொடுக்கலாம் என்கிறார் அத்தான். அக்காவுக்கு இப்போதே கொடுக்க வேண்டும். பொங்கல் கழிந்து பேசலாம் என்று வைத்திருக்கிறார்கள்.